கணவாய் கம்பெனியில் இது, உது, அது

மொழி கற்றுக்கொடுப்பதைப் போல நன்றி கெட்ட வேலை வேறு கிடையாது. படித்தவர்கள் நன்றாகப் பேசினால் அது அவர்களுடைய திறமை. தப்பாகப் பேசினால் சொல்லிக்கொடுத்தவளின் லட்சணம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவர்கள், அப்பாவுக்குச் செல்போன் பழக்கியவர்கள், தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டித் தொண்டை வறண்டவர்கள் எல்லாரும் என் கட்சி என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தா அக்காவை ஸ்பானிஷ் தேர்வில் ஃபெயிலாக்கினார்கள். பேசத் தெரியாததற்காக இல்லை, மரியாதை தெரிந்ததற்காக.

நான் தூத்துக்குடியில் தமிழ் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கூடவே ஸ்பானிஷ் டிப்ளமோ முடித்தேன். "அத வச்சி இங்கன என்ன செய்யப் போற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஹார்பர் போகும் வழியில் கணவாய் மீன் ஏற்றுமதி பண்ணுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. சரக்கெல்லாம் ஸ்பெயினுக்குத்தான் போகிறது. வாங்குகிறவர்கள் இப்போது வீடியோ காலிலேயே பெட்டி பெட்டியாகப் பார்க்கிறார்கள். தரம் பிரிக்கிற பெண்களே நேராகப் பேசினால் நல்லது என்று மேனேஜருக்கு ஒரு யோசனை. அந்தப் பெண்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

ஜெசிந்தா, அமலி, புஷ்பம், மும்தாஜ் என்று நாலு அக்காமார். நாலு பேரும் ஒரு செட்டு. இங்கே மீன் கம்பெனிகளில் பெண்கள் தனியாக வேலைக்குச் சேருவது குறைவு, செட்டாகத்தான் வருவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவள் பங்கையும் வெட்டிக் கொடுப்பார்கள். ஒருத்தியைத் திட்டினால் வேலை நின்று நாலு கத்தியும் கீழே இறங்கும். ஸ்பானிஷ் தேர்வில் தேறினால் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு நிற்கிற மேசையை விட்டுவிட்டு, முன்பக்க ஹாலில் ஈரமில்லாத தரையில் நின்று பெட்டியைக் காட்டிப் பேசலாம். மற்ற மூவருக்கும் அது ஆசை, ஜெசிந்தா அக்காவுக்கு அவசியம். ஐஸ் பட்டுப் பட்டு அவருடைய விரல் மூட்டெல்லாம் வெடித்து, காலையில் சட்டைப் பித்தான்கூடப் போட முடியாமல் இருந்தார். ஐஸை விட்டு விலகச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் விலகிப் போக இருந்த ஒரே இடம் அந்த ஹால்.

சேரில் உட்கார்ந்த ஸ்பெயின்

ஸ்பானிஷில் சுட்டுச் சொல் மூன்று. என் பக்கத்தில் இருக்கிற பெட்டி "எஸ்தா". உன் பக்கத்தில் இருக்கிற பெட்டி "எசா". நம் இருவருக்கும் எட்டாமல் தூரத்தில் கிடக்கிற பெட்டி "அக்கேயா". பெட்டி அவர்களுக்குப் பெண்பால். ஆண்பாலாக இருந்தால் எஸ்தே, எசே, அக்கேல். ஸ்பெயினில் சரக்கு வாங்குகிற அம்மா "எசா" என்று கேட்கும்போது நாம் வேறு பெட்டியைக் காட்டினால், நல்ல சரக்கை மட்டும் முன்னால் வைத்து ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார். அதனால் இந்த மூன்றையும் முதலில் பழக்கிவிட நினைத்தேன். கரும்பலகையில் இரண்டு பொம்மை வரைந்து, நடுவில் பெட்டி வரைந்து, நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

அமலி அக்கா கையைத் தூக்கினார். "ஒம் பக்கத்துலன்னா யாரு பக்கத்துல? அந்தம்மா ஸ்பெயின்ல இருக்கு. அது பக்கத்துல அது வீட்டு அடுப்படிதான இருக்கும்?" என் புத்தகத்தில் எல்லாரும் எதிரெதிரே நின்றுதான் பேசிக்கொள்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். அடுத்த வகுப்புக்குப் போனால் ஹால் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர். அதில் சாய்ந்தபடி செல்போன். ஹாலுக்குள் வருகிற எவரும் தலைக்குத் தொப்பி போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கேமரா மறையாமல் போனுக்கும் ஒரு தொப்பி மாட்டியிருந்தார்கள். அமலி அக்கா எனக்கே பாடம் நடத்தினார்: "இனிமே இந்தச் சேருதான் ஸ்பெயின். எங்கிட்ட இருக்கது எஸ்தா, சேருகிட்ட இருக்கது எசா, ரெண்டுக்கும் எட்டாம அந்தா ஐஸ் ரூம்ல கிடக்கது அக்கேயா. நீங்க பாட்டுக்கு அசதியில ஸ்பெயின் மேல உக்காந்துராதீங்க, டீச்சர்."

உந்தா

நடுச்சொல்லான எசா மட்டும் யாருக்கும் சட்டென்று வரவில்லை. தமிழ் படித்தவள் நான் சும்மா இருப்பேனா? "நமக்கும் மூணு இருந்துச்சுக்கா. இது, உது, அது. நாமதான் உதுவத் தொலைச்சுட்டோம். யாழ்ப்பாணத்துல இன்னும் பேச்சுல வச்சிருக்காங்க" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கல்லூரியில் இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். இவர்கள் நாலு பேரும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, மறுநாளே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "உந்தப் பெட்டியத் தள்ளுளா", "உந்தா, ஒங் காலுகிட்ட கத்தி கிடக்கு" என்று வெட்டுகிற மேசை முழுக்க ஒரே உகரம். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாததை ஓர் ஓட்டுக்கணவாய் மேசை செய்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது.

சூப்பர்வைசருக்குப் புல்லரிக்கவில்லை. நேரே வந்து, "இந்தா தெரியும், அந்தா தெரியும், அது என்னது உந்தா? என்னையத்தான் ஏதோ நக்கல் பண்ணுதீங்க" என்று மல்லுக்கு நின்றார். மும்தாஜ் அக்கா கத்தியைக்கூட நிறுத்தாமல், ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "இல்ல சார், ஒங்க பக்கத்துல இருக்க பெட்டிய மட்டுந்தான் அப்படிச் சொல்லுதோம். ஒங்களுக்குன்னு வேற வார்த்தை வச்சிருக்கோம்."

ஒரே வார்த்தை

பெயர் தெரியாத பொருளுக்கு ஸ்பானிஷில் பால் கிடையாது. "எஸ்தோ" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு. புஷ்பம் அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊசிக்கணவாயா, எஸ்தோ. பேய்க்கணவாயா, அதுவும் எஸ்தோ. தராசு, கையுறை, ஒருமுறை நானே எஸ்தோ. "பேரு தெரியாததுக்குத்தான்க்கா எஸ்தோ, இதெல்லாம் உங்களுக்குப் பேரு தெரியுமே" என்று மூச்சு முட்ட வாதாடினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தமிழ்லதான தெரியும்? ஸ்பானிஷ்ல எனக்கு ஒண்ணுக்கும் பேரு தெரியாது. அப்ப எல்லாமே எஸ்தோதான?"

மேசை யாருடையது

"எஸ்தா மேசா" என்றால் இந்த மேசை. பலகையில் எழுதியதும் ஜெசிந்தா அக்கா எழுந்துவிட்டார். மேசா நம்ம மேசைதானே, இதை எதற்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேள்வி. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்: போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தார்கள், அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொல், அந்த மொழியும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி, இரண்டுக்கும் தாய் லத்தீன். நான் ரோமாபுரி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவரை அவர் பொறுமையாகக் கேட்டார். வாதத்தில் எனக்குச் சளைக்காத ஆள் என்று அதுவரை யாரையும் பார்த்ததில்லை. குரல் வேறு ஏலக் கொட்டகையில் பழகிய குரல்.

"கப்பல்ல வந்தவன் மேசையத் தூக்கிக்கிட்டா பிள்ள வந்திருப்பான்? இங்கன கிடந்த மேசையப் பாத்து 'கே எஸ் எஸ்தோ', இது என்னதுன்னு கேட்டிருப்பான், நாங்க 'மேசை'ன்னு சொல்லிக்குடுத்திருப்போம்."

பக்கத்தில் நின்றாலும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆளை அறிமுகப்படுத்துவது என்று ஒரு பாடம். அன்றைக்கு ஜெசிந்தா அக்காவைக் கூட்டிப்போக அவர் கணவர் பைக்கில் வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு, "வந்தவரை எனக்கு அறிமுகப்படுத்துங்கக்கா" என்றேன். தோளோடு தோள் உரச நின்றுகொண்டு அக்கா சொன்னார்: "அக்கேல் எஸ் மி மரிதோ." அதாவது, அதோ அந்தத் தூரத்தில் தெரிகிறவர் என் கணவர். நான் என்னை அறியாமல் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தேன். "எங்கன பாக்க? இந்தா நிக்காவல்லா!" என்றார்.

பக்கத்தில் நிற்பவர் எஸ்தே என்று சொன்னதும் அக்கா வாயில் கை வைத்துவிட்டார். "கட்டுன ஆள 'இது'ன்னு சொல்லச் சொல்லுதியா?" எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் 'அவிய', அதாவது 'அவர்கள்'தான். அப்பாவை, சாமியாரை, முதலாளியை, யாரையும் பக்கத்தில் வைத்துச் சுட்டுவதில்லை. மரியாதை கூடக்கூட ஆள் தூரமாகப் போவார். மற்ற மூன்று அக்காமாரும் சிரித்துக்கொண்டே எஸ்தேவுக்குப் பழகிவிட்டார்கள். ஜெசிந்தா அக்காவுக்கு மட்டும் நாக்கு வளையவில்லை. பெட்டி, கத்தி, கணவாய் எதிலும் தப்பே வராது. மரியாதைக்குரிய மனுசர் என்றால் அக்கேல்தான். அவர் கணவர் என்னைத் தேற்றினார்: "அவ சொல்லுதது சரிதான் டீச்சர். வீட்டுல சண்டைன்னா நான் அந்தாஆ அந்தத் தூரத்துலதான் நிப்பேன்."

டேப் வைத்து அளந்தவர்

தேர்வு வைக்கச் சென்னையிலிருந்து ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவர் வீடியோ காலிலேயே கேட்டார். நாலு பேரும் பெட்டிகளைப் பிசகாமல் காட்டினார்கள். புஷ்பம் அக்காகூட எஸ்தோவைக் கைவிட்டுக் கணவாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில், பக்கத்தில் நிற்பவரை அறிமுகப்படுத்தச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் மேனேஜர். ஜெசிந்தா அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "அக்கேல் சென்யோர்" என்றார். அந்த சார் என்று அர்த்தம். தேர்வாளர் மறுபடி கேட்டார். அக்கா, மரியாதை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் குனிந்து அதையே சொன்னார்.

மூன்று பேர் பாஸ், ஒருவர் ஃபெயில். மூவர் ஹாலுக்கு, ஜெசிந்தா அக்கா மறுபடியும் ஐஸ் தண்ணீருக்கு, அதுவும் ஹாலின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் கடைக்கோடியில் தெரிகிற மேசைக்கு. நான் தேர்வாளருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். மரியாதைக்குத் தனிச் சொல் ஸ்பானிஷிலும் இருக்கிறதே, ஓர் ஊரின் மரியாதையைத் தப்பு என்று சொல்ல நீங்கள் யார், சரக்கு காட்டுவதில் ஒரு பிழை உண்டா என்று பொரிந்து தள்ளினேன். அவர் சொன்னது புத்தகப்படி சரி என்பதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது: "மேடம், ரெண்டடி தள்ளி நிக்கிறவர் பக்கத்துலதான் நிக்கிறார். நீங்க கும்பிட்டாலும் அந்த ரெண்டடி ரெண்டடிதான்."

செட்டு

மறு தேர்வுக்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன். ஜெசிந்தா அக்காவிடம், "கண்ணை மூடிக்கிட்டு ஒரே ஒரு எஸ்தே சொல்லிருங்கக்கா" என்று கெஞ்சினேன். அக்கா முயற்சி பண்ணினார். மேனேஜரைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. "வர மாட்டேங்கு பிள்ள, விடு" என்று கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கையுறைக்குள் விரல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் கோபமெல்லாம் மற்ற மூவர் மேல் திரும்பியது. ஒருத்தியைத் திட்டினாலே நாலு கத்தியும் இறங்கும் என்றார்களே, இப்போது தொப்பி மாட்டி ஹாலில் நிற்கிறார்களே! நேராகவே கேட்டேன்: "செட்டு செட்டுன்னு சொன்னதெல்லாம் சும்மாவாக்கா?" அமலி அக்கா சேரைத் துடைத்துப் போனை அதில் சாய்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "ஏளா, நீ படிச்ச பிள்ள, கத்திப் பாத்துட்ட. இனி நாங்க பேசாம இருந்து பாக்கோம்."

அந்தா அந்தம்மா

முதல் நிஜமான கால் வந்தது. வாங்குகிற அம்மா வீகோ என்ற ஊர்க்காரர். கணவாயைக் கேமராவிலேயே முகர்ந்துவிடுகிற ஆள். மேனேஜருக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பதால் நானும் ஓரமாக நின்றேன். அந்த அம்மா ஒரு பெட்டியைச் சுட்டி, இது எப்போது பிடித்த சரக்கு என்று கேட்டார். அமலி அக்காவுக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆனால் அவர் போனைத் தூக்கிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் திருப்பி, இனிமையாகச் சொன்னார்: "அக்கேயா சென்யோரா சாபே." அதோ, அந்த அம்மாவுக்குத் தெரியும். அடுத்து, இதைத் தரம் பிரித்தது யார் என்று கேள்வி. புஷ்பம் அக்கா: "அக்கேயா சென்யோரா." மூன்றாவது, தோல் ஏன் இந்த நிறம் என்று கேள்வி. மும்தாஜ் அக்கா: "அக்கேயா சென்யோரா சாபே." பதில் தெரியாமல் இல்லை. மூவரும் பதிலை எடுத்துக் கொண்டுபோய் அந்தக் கடைக்கோடி மேசையில் வைத்தார்கள், அவ்வளவுதான். மேனேஜர் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாதாடி வாதாடி நான் தோற்ற இடத்தில், இலக்கணம் பிசகாமல், தூரம் பிசகாமல், மூன்று பேர் ஒரு வாக்கியத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா பொறுமை இழந்து ஏதோ சொன்னதும் மேனேஜர் என்னைப் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்ச அந்த அம்மாவோடதான் பேசணுமாம் சார்" என்றேன். "எந்த அம்மா?" என்றார். மூன்று கைகள் ஒன்றாக நீண்டன. ஜெசிந்தா அக்கா ஈரக் கம்பூட்ஸோடு வந்தார். ஏலக் குரலில் ஒவ்வொரு பெட்டிக்கும் பதில் சொன்னார். எஸ்தா, எசா, அக்கேயா மூன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. முடித்துவிட்டு, முறைப்படி மேனேஜரையும் அறிமுகப்படுத்தினார், கையைக் கட்டிக்கொண்டு: "அக்கேல் சென்யோர்." வீகோ அம்மா திரையில் கண்ணைச் சுருக்கித் தூரத்தில் ஆள் தேடினார். பக்கத்தில் நிற்கிறவர்தான் என்று தெரிந்ததும் ஏன் என்று கேட்டார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஜெசிந்தா அக்கா முந்திக்கொண்டு, "ரெஸ்பேத்தோ" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மரியாதை. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அப்படியென்றால் என்னையும் தூரமாகவே வையுங்கள், என் அலுவலகத்தில் எல்லாரும் என்னைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்."

கடைசிப் பதில்

கால் முடிந்ததும் மேனேஜர் ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டார். பரீட்சையைப் பற்றி மூச்சே விடவில்லை. இனி ஜெசிந்தா மட்டும் ஹாலில் நின்று பேசினால் போதும், மற்ற மூன்று பேரும் வெட்டுகிற மேசைக்குப் போகட்டும் என்றார். நான் வழக்கம்போல மூக்கை நுழைத்து, ஃபெயில் மார்க்கு என்ன ஆயிற்று, தேர்வாளர் சொன்ன ரெண்டடி என்ன ஆயிற்று என்று ஆரம்பித்தேன். அமலி அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். ஜெசிந்தா அக்கா ஈரக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெடித்த விரல்களை முந்தானையில் ஒற்றிக்கொண்டார். நல்ல வேலை கைக்கு வந்துவிட்டது, பேசாமல் வாங்கிக்கொண்டால் என்ன என்று, ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற எனக்கே ஒரு நொடி தோன்றியது.

ஆக, ஸ்பானிஷ் சுட்டுச் சொல்லை யாருக்கு வேண்டுமானாலும் நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன், யாரை எங்கே நிறுத்திச் சுட்டுவது என்பதை மட்டும் அந்தச் செட்டிடம் போய்த்தான் கேட்க வேண்டும்; ஏனென்றால் ஜெசிந்தா அக்கா, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையில் ஒரு குறையும் இல்லாமல் மேனேஜரிடம் சொன்ன பதில் இது:

"நாங்க செட்டு சார், வந்தா நாலு பேருந்தான் வருவோம். போன அமலி பிடிப்பா, பெட்டியப் புஷ்பம் தூக்குவா, மும்தாஜு தராசப் பாப்பா, பேச்ச நான் பாத்துக்கிடுதேன். நீங்க மட்டும் அந்தா அந்த ஐஸ் ரூம் வாசல்ல போய் நின்னுக்கிடுங்க, அப்பத்தான் நான் அக்கேல்னு சொல்லுதது பரிச்சையிலயும் சரியா வரும்."